விடுமுறைக்குப் போகும் இடத்தில் காடி வாடகைக்கு எடுக்கலாமா? ஜெலாப்பாங் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஜெலாப்பாங், சிலிபின், சிம்மோர் பக்கத்துக் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். பங்கோரா, லங்காவியா, பினாங்கா, கேமரன் மலையா? தங்கும் விடுதிக்கு முன்பதிவு செய்தாகிவிடும். பிள்ளைகள் துணிமணி அடுக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் கேட்பார்: "அங்க போய் காடி எடுக்கணுமா, வேணாமா?"

இந்தக் கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. பங்கோருக்குச் சரியான முடிவு லங்காவிக்குத் தவறாகிவிடும். ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு லாபமாக இருப்பது மூவர் மட்டும் போகும்போது வீண்செலவு. ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்களும் உண்டு. உண்மையில் குடும்பத்தின் கையைக் கடிப்பது அந்த நாள் வாடகை அல்ல. காப்புறுதி சரியில்லாத வண்டியை எடுத்து, அது எங்காவது மோதிவிட்டால் வரும் செலவுதான். ஒரு வருடம் சேர்த்து வைத்த பணம் ஒரே நாளில் போய்விடலாம். இரண்டு பக்கத்தையும் பார்த்து முடிவெடுக்க உதவும் விவரங்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

முதலில் மூன்று கேள்விகள்

வண்டியைத் தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள்.

முதலாவது, விடுதியை விட்டு எத்தனை முறை வெளியே போகப் போகிறீர்கள்? "சுத்திப் பாக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. நாள் வாரியாக எழுதிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் குளமும் கடற்கரையும் போதும் என்றால், நான்கு நாளில் இரண்டு முறைதான் வெளியே போவீர்கள். அதற்கு நான்கு நாள் வாடகை கட்டிக் காடியை விடுதி வாசலில் நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

இரண்டாவது, எத்தனை பேர்? சாதாரணக் காடியில் ஓட்டுநரையும் சேர்த்து ஐவர். ஆறாவது ஆள் வந்துவிட்டால் கிராப் அழைத்தாலும் பெரிய வண்டி கேட்க வேண்டும், அல்லது இரண்டு வண்டி பிடிக்க வேண்டும். பாட்டி, சின்னம்மா, அண்ணன் பிள்ளைகள் என்று சேர்ந்து போகும் குடும்பங்களுக்கு ஏழு இருக்கை வண்டி கணக்கில் நிற்பது இதனால்தான்.

மூன்றாவது, யார் ஓட்டுவது? அவரும் விடுமுறைக்குத்தான் வருகிறார். ஜெலாப்பாங்கிலிருந்து மூன்று, நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு, அங்கேயும் தினமும் அவரேதான் ஓட்ட வேண்டும் என்றால் அவருக்கு அது விடுமுறையாக இருக்காது. இரண்டாவதாக ஓட்டத் தெரிந்த ஒருவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு இருக்கிறாரா என்று பாருங்கள்.

பங்கோர்: காடி தேவைப்படாத தீவு

ஈப்போ பக்கத்து மக்களுக்குப் பக்கத்தில் உள்ள கடற்கரை பங்கோர்தான். லுமுட் வரை சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். சொந்தக் காடி இருந்தால் லுமுட்டில் கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் படகில் ஏறுவதுதான் வழக்கம். காடி இல்லாதவர்கள் மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா முனையத்தில் லுமுட் பேருந்தைப் பிடிக்கலாம். ஜெலாப்பாங்கிலிருந்து அந்த முனையம் மிகப் பக்கம்.

தீவில் இறங்கியதும் இளஞ்சிவப்பு நிற வேன் டாக்சிகள் நிற்கும். பாசிர் போகாக், தெலுக் நிப்பா கடற்கரைகளுக்கும், டச்சுக்காரர் கோட்டைக்கும், பத்திரகாளியம்மன் கோயிலுக்கும் அவற்றிலேயே போய்வரலாம். தீவு சிறியது, ஒரு வேனை ஒரு சுற்றுக்குப் பேசிக்கொண்டால் அரை நாளில் முக்கியமான இடங்களைப் பார்த்துவிடலாம். ஏறும் முன் கட்டணம் எவ்வளவு, எத்தனை இடத்தில் நிறுத்துவார், எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்ற மூன்றையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பங்கோருக்கு வாடகைக் காடி வேண்டாம். மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அப்பா, அம்மா, நடுவில் இரண்டு பிள்ளைகள் என்று ஒரே மோட்டார் சைக்கிளில் போவது சட்டப்படி தவறு, ஆபத்தும்கூட. மாசி மகம் போன்ற திருவிழா நாள்களில் போகிறவர்கள் படகிலும் வேனிலும் கூட்டம் இருக்கும் என்பதை மனத்தில் வைத்து நேரத்தைத் திட்டமிடுங்கள்.

லங்காவி: எடுக்கலாம், ஆனால் எல்லா நாளும் வேண்டியதில்லை

லங்காவி பெரிய தீவு. குவா படகுத்துறையிலிருந்து பந்தாய் செனாங் கடற்கரைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். கேபிள் கார் மேற்குக் கோடியில், மாட்சிஞ்சாங் மலையில் இருக்கிறது. கிலிம் சதுப்புநிலக் காடும் தஞ்சோங் ரூ கடற்கரையும் வடகிழக்கில் இருக்கின்றன. மசூரி கல்லறை நடுவில். இந்த இடங்களையெல்லாம் இணைக்கும் முறையான பேருந்துச் சேவையை நம்பிப் போக முடியாது. அதனால்தான் 1987ஆம் ஆண்டு தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்ட லங்காவியில் வாடகைக் காடித் தொழில் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது.

ஜெலாப்பாங்கிலிருந்து போகும் வழிகள் இவை. சொந்தக் காடியில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்துக் கோலக்கெடா படகுத்துறைக்குச் சுமார் மூன்று மணி நேரம். கோலப்பெர்லிஸ் போவதென்றால் இன்னும் அரை மணி நேரம் கூடும். கோலப்பெர்லிஸிலிருந்து படகுப் பயணம் குறைவு, ஒன்றேகால் மணி நேரம் அளவில். கோலக்கெடாவிலிருந்து அதைவிடச் சற்று அதிகம். கடலில் தலைச்சுற்றல், வாந்தி வரும் பெரியவர்கள் உடன் வந்தால் கோலப்பெர்லிஸ் நல்லது. காடி இல்லாதவர்கள் ஈப்போவில் இடிஎஸ் ரயில் ஏறி ஆராவ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கோலப்பெர்லிஸுக்கு வண்டி பிடிக்கலாம். 

சொந்தக் காடியையே கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகும் சேவையும் கோலப்பெர்லிஸிலிருந்து உண்டு. கப்பல் ஓடும் நாள், நேரம், காடிக்கும் ஆளுக்கும் கட்டணம் ஆகியவற்றை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு கணக்குப் போடுங்கள். தீவில் நான்கைந்து நாள் தங்குகிற, தினமும் சுற்றுகிற குடும்பத்துக்கே அது சரிப்படும். இரண்டு நாள் பயணத்துக்கு அந்தச் செலவும் காத்திருப்பும் தேவையில்லை.

செனாங்கில் தங்குகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகள், கடற்கரை, கடல் உயிரினக் காட்சியகம் எல்லாம் நடக்கும் தூரத்தில். அங்கே நான்கு நாளில் இரண்டு நாள் மட்டும் காடி எடுத்தால் போதும். ஒரு நாள் மேற்குப் பக்கம்: கேபிள் கார், ஏழு கிணறு அருவி. இன்னொரு நாள் வடக்கும் குவாவும்: கிலிம், தஞ்சோங் ரூ, பிறகு சாக்லேட் வாங்கக் குவா நகரம். மற்ற இரண்டு நாள் கடற்கரையில். ஆனால் தஞ்சோங் ரூ, டத்தாய் போன்ற ஒதுக்குப்புறத்தில் உள்ள விடுதியில் தங்கினால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் வண்டி வேண்டும். அங்கே வந்த நாள் முதலே காடி எடுப்பதுதான் மலிவு.

பினாங்கு: காடி இருந்தால் தொல்லை கூடும்

பத்து ஃபிரிங்கி விடுதிகளில் தங்கப் போகிறவர்கள் வாடகைக் காடியைத் தவிர்க்கலாம். ரேபிட் பினாங்கு நிறுவனத்தின் 101ஆம் எண் பேருந்து படகுத்துறையிலிருந்து ஜார்ஜ்டவுன் வழியாக பத்து ஃபிரிங்கியைக் கடந்து தெலுக் பாஹாங் வரை போகிறது. ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் இறங்கினால் ஃபெரி துறை பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு ரயிலும் கப்பலும் பேருந்தும் ஒரே நாளில் கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா.

விடுமுறைக் காலத்தில் ஜார்ஜ்டவுனில் காடி நிறுத்த இடம் தேடி அலைவது பொழுதைத் தின்றுவிடும். பத்து ஃபிரிங்கி சாலை குறுகியது, வளைவுகள் அதிகம். மாலையில் நெரிசலும் சேரும். கொடிமலைக்கும் தண்ணீர்மலைக் கோயிலுக்கும் போக ஒரு நாள் கிராப் பிடித்தால் போதும். சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் இருந்தால் மட்டும் ஒரு நாளுக்குக் காடி எடுப்பதை யோசிக்கலாம்.

கேமரன் மலை: இங்கிருந்தே எடுங்கள், அல்லது பேருந்தில் போங்கள்

சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தானா ராத்தா. தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெர்ரி தோட்டம், பிரிஞ்சாங் சந்தை எல்லாம் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் வண்டி உதவும். மலை மேல் போய் வாடகைக்குத் தேடுவதைவிட, தேவை என்றால் ஈப்போவிலேயே எடுத்துக்கொண்டு போவது நல்லது. தேர்ந்தெடுக்க இங்கேதான் வண்டிகள் அதிகம். மலைப்பாதை ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் பேருந்தில் போய், அங்கே அரை நாள் சுற்றுலா வேனில் சேர்ந்துகொள்ளலாம்.

இறங்கும்போது தானியங்கி கியர் வண்டியை "டி"யில் விட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். வண்டிக்கு ஏற்றபடி "எல்", "2", "எஸ்" அல்லது "பி" நிலைக்கு மாற்றி, இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி இறங்க வேண்டும். தெரியாத வண்டியில் அது எங்கே இருக்கிறது என்பதை ஈப்போவில் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கைப் போடும் முறை

கீழே உள்ள எண்கள் கணக்கு போடும் வழியைக் காட்டுவதற்கு மட்டும். நீங்கள் விசாரித்த விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பத்தில் ஆறு பேர். ஒரு முறை வெளியே போக, ஒரு கிராப் வண்டிக்கு 25 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டி என்றால் 50. போகவர 100. ஒரு நாளில் இரண்டு முறை வெளியே போனால் 200. ஏழு இருக்கை வாடகைக் காடி ஒரு நாளுக்கு 180, பெட்ரோல் 20 என்றால் அதுவும் 200. ஆக, ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வெளியே போகும் நாளில் வாடகைக் காடி லாபம். ஒரே முறை போகும் நாளில் கிராப் பாதி விலைதான்.

இதே கணக்கை நால்வர் குடும்பத்துக்குப் போடுங்கள். ஒரு வண்டி போதும் என்பதால் போகவர 50 தான். சின்னக் காடி வாடகை 120, பெட்ரோல் 15 என்றால் 135. ஒரு நாளில் மூன்று முறை போனால்தான் வாடகைக் காடி லாபமாகும்.

வாடகையோடு சேர்க்க வேண்டியவை: சேவை வரி, காடியைக் கொண்டுவந்து கொடுப்பதற்கான கட்டணம், குழந்தை இருக்கைக் கட்டணம், இரண்டாவது ஓட்டுநர் கட்டணம், தாமதமாகத் திருப்பினால் மணிக் கணக்கு, விடுதியில் நிறுத்தக் கட்டணம். "எல்லாம் சேத்து எவ்வளவு?" என்று ஒரே தொகையாகக் கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 30 முதல் நடப்பில் உள்ள புடி 95 சலுகை வண்டிக்கு அல்ல, லைசென்ஸ் உள்ள மலேசியரின் மைகார்டுக்கே தரப்படுகிறது. வாடகைக் காடிக்கும் உங்கள் மைகார்டைப் பயன்படுத்தி ரோன் 95 சலுகை விலையில் நிரப்பலாம். எந்த அளவில் எண்ணெய் இருந்ததோ அதே அளவில் திருப்பித் தர வேண்டும் என்பது பொதுவான வழக்கம். எடுக்கும்போதே அளவுமானியைப் படம் எடுத்து வையுங்கள்.

காப்புறுதி: இதைக் கேட்காமல் சாவியை வாங்காதீர்கள்

நம் வீட்டுக் காடிக்கு எடுக்கும் தனியார் வாகனக் காப்புறுதி, அந்த வண்டியை வாடகைக்கு விடுவதை ஏற்பதில்லை. ஒப்பந்தப் பத்திரத்திலேயே அந்த நிபந்தனை இருக்கும். ஆனால் முகநூலிலும் படகுத்துறையிலும் மலிவு விலையில் கிடைக்கும் வண்டிகளில் சில, யாரோ ஒருவரின் சொந்தக் காடிகள். வாடகைத் தொழிலுக்கு உரிமம் இல்லை. காப்புறுதியும் தனியார் பயன்பாட்டுக்கானது. ஒன்றும் நடக்காதவரை யாருக்கும் தெரியாது. மோதிவிட்டால், காப்புறுதி நிறுவனம் "இது வாடகைக்கு விடப்பட்ட வண்டி" என்று சொல்லிக் காடியின் சேதத்துக்குப் பணம் தர மறுக்கலாம். உரிமையாளர் உங்களிடம்தான் வருவார். நாளுக்கு 30 ரிங்கிட் மிச்சப்படுத்தப் போய், பல ஆயிரம் ரிங்கிட் பழுதுச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே சாவியை வாங்கும் முன் நான்கு கேள்விகள்:

1. இந்த வண்டி வாடகைக்கு விட உரிமம் பெற்றதா? நிறுவனம் பதிவு பெற்றதா?

2. காப்புறுதி வாடகைப் பயன்பாட்டை ஏற்கிறதா? சாலை வரியும் காப்புறுதியும் எந்தத் தேதி வரை?

3. விபத்து நடந்தால் நான் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்தத் தொகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டி அதைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி அந்தப் பாதுகாப்பில் சேராமல் இருக்கலாம்.

4. வேறு யார் ஓட்டலாம்? ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி மோதினால் பாதுகாப்பு செல்லாமல் போகலாம். தம்பியும் ஓட்டுவார் என்றால் தம்பியின் பெயரும் அதில் இருக்க வேண்டும். "பி" லைசென்ஸ் வைத்திருப்பவருக்குப் பல நிறுவனங்கள் வண்டி தருவதில்லை.

இந்த நான்குக்கும் நேராகப் பதில் சொல்லாத இடத்தில் வண்டி எடுக்க வேண்டாம்.

முன்பணம், மைகார்டு, மோசடி

முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடித்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது நாலா பக்கமும், கூரை, டயர், உள் இருக்கை, கிலோமீட்டர் எண், ஸ்பேர் டயர், ஜாக் எல்லாம் தெரியும்படி ஒரு வீடியோ எடுங்கள். பழைய கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே காட்டுங்கள். திருப்பும்போதும் அதேபோல் ஒரு வீடியோ. மழையிலோ இருட்டிலோ வண்டியை வாங்குவதைத் தவிர்த்தால், "இந்தக் கீறல் நீங்க போட்டது" என்ற பேச்சும் பெரும்பாலும் தவிரும்.

மைகார்டை அடமானமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதை எப்போதும் உடன் வைத்திருப்பது நம் கடமை. படமோ நகலோ கேட்டால் "வாடகைக் காடிக்கு மட்டும்" என்று மேலே கோடிட்டு எழுதிக் கொடுங்கள்.

விடுமுறைக் காலத்தில் போலி வாடகைப் பக்கங்களும் முளைக்கும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே தனிநபர் கணக்கில் போடச் சொன்னால் நின்று யோசியுங்கள். காவல்துறையின் "செமாக் மியூல்" இணையப் பக்கத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

இன்னொன்று. "உன் பேர்ல எடுத்துக் குடு, நான் ஓட்டிக்கிறேன்" என்று நண்பரோ உறவினரோ கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே. வாடகைக்கு எடுத்த வண்டியை அடகு வைத்துவிட்டு ஆள் மறைந்துபோன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

இரவல் வண்டியும் பள்ளி வேனும்

தோட்டத்திலும் கம்பத்திலும் வாடகைக்கு எடுப்பதைவிட, மாமாவின் காடியையோ பக்கத்து வீட்டு வேனையோ கேட்டு வாங்கிப் போவதுதான் அதிகம். அதில் தவறில்லை. ஆனால் காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி மோதினால், இழப்பீடு கேட்கும்போது 400 ரிங்கிட் கட்டாயக் கழிவு உண்டு. 21 வயதுக்கு உட்பட்டவர், "பி" லைசென்ஸ்காரர் ஓட்டினாலும் அப்படியே. அவருடைய நோ கிளைம் போனஸும் போகும். "மோதினா யார் கட்டுறது?" என்று மாமாவிடம் புறப்படும் முன்னாலேயே பேசிவிட்டால், பிறகு உறவில் கசப்பு வராது. பெட்ரோல் காசு தவிர "வாடகை" என்று பணம் கைமாறினால் அது இரவல் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளி வேன் ஓட்டுநரைப் பேசிக் குடும்பமாகப் போவதும் வழக்கம்தான். அந்த வேனின் அனுமதி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு. வெளியூர்ச் சுற்றுலாவுக்கு அந்த அனுமதியும் காப்புறுதியும் பொருந்துமா என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். பொருந்தாது என்றால், சுற்றுலா அனுமதி உள்ள வேனை ஓட்டுநரோடு சேர்த்து எடுப்பது பாதுகாப்பு. பத்துப் பேருக்கு மேல் போகும்போது தலைக்கு வரும் செலவு பெரிதாக இருக்காது. ஓட்டும் சுமையும் வீட்டு ஆள்மேல் விழாது.

பிள்ளைகளும் பெரியவர்களும்

2009 ஜனவரி 1 முதல் பின் இருக்கையில் இருப்பவர்களும் இருக்கை வார் போட வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் சிறு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். வாடகைக் காடி என்பதற்காக இது மாறாது. வீட்டில் இருக்கிற குழந்தை இருக்கையைக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு அல்ல. வண்டி மோதும்போது எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கை தாங்காது.

ஐந்து இருக்கையில் ஏழு பேர் ஏறுவதும் அப்படித்தான். "கிட்டத்தானே" என்று ஏற்றிக்கொண்டு போய் விபத்து நடந்தால் சம்மனும் வரும், காப்புறுதியிலும் சிக்கல் வரும். ஏழு இருக்கை வண்டியில் கடைசி வரிசையில் ஏழு பேரும் பெட்டியும் சேர்ந்து கொள்ளாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள பாட்டிக்கு உயரமான வேனைவிடத் தாழ்வான காடி ஏறி இறங்க எளிது.

ஓட்டுகிறவர் கவனிக்க

லங்காவியில் இரவில் மாடும் எருமையும் சாலையில் நிற்கும், படுத்தும் கிடக்கும். விளக்கில்லாத சாலைகளில் மெதுவாகப் போங்கள். முடிந்தால் இருட்டும் முன் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள்.

தீர்வையற்ற தீவில் மது மலிவு. மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, "ரெண்டு மைல்தான்" என்று சாவியை எடுக்கும் ஆசை வரும். 2020 அக்டோபர் 23 முதல் சட்டம் கடுமையாகியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, லைசென்ஸும் பறிபோகும். உயிர்ச்சேதம் ஏற்பட்டால் 10 முதல் 15 ஆண்டு சிறை. குடித்து ஓட்டினால் காப்புறுதியும் கை கொடுக்காது. குடிக்கப் போகிற மாலையில் கிராப்தான் சரி, அல்லது குடிக்காதவர் ஒருவர் ஓட்ட வேண்டும்.

வடக்கிலிருந்து திரும்பும் பயணத்துக்கு ஒரு வார்த்தை. கோலக்கங்சார் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்தால் ஜெலாப்பாங் வரை இறக்கம், வளைவு. அந்த இறக்கத்தில் கனரக லோரிகள் பிரேக் விட்டு மோதிய விபத்துகளை இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு நெருங்கிவிட்டது என்ற நினைப்பும், நாள் முழுக்க ஓட்டிய களைப்பும், இருட்டும், மழையும் சேர்வது அங்கேதான். பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவார்கள். சுரங்கப்பாதைக்கு முன்பே ஓய்விடத்தில் கால் மணி நேரம் நின்று, முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து, லோரியிலிருந்து தள்ளி இறங்குங்கள். கடைசி நாள் மாலைப் படகில் ஏறி நள்ளிரவில் வீடு சேர்வதைவிட, காலைப் படகில் கிளம்பி வெளிச்சத்தில் வந்துசேர்வது மேல்.

மோதிவிட்டால்

முதலில் ஆட்களைப் பாருங்கள். காயம் இருந்தால் 999. பிறகு படம் எடுங்கள்: இரண்டு வண்டி, எண்பலகை, சாலை, எதிராளியின் லைசென்ஸ். வாடகை நிறுவனத்தை அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். "போலீஸ் வேணாம், நமக்குள்ள பேசிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புகார் இல்லாவிட்டால் காப்புறுதியிடம் ஒன்றும் கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேல் நிறுவனம் கேட்டால், பழுதுபார்க்கும் பட்டறையின் விலைப்பட்டியலைக் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வீடு திரும்பிச் சில வாரம் கழித்து வேகச் சம்மன் வரலாம். அந்த நாளில் வண்டி உங்கள் கையில் இருந்ததா என்பதை ஒப்பந்தத்தில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டுங்கள். அதனால் ஒப்பந்தத்தையும் வீடியோக்களையும் உடனே அழித்துவிட வேண்டாம்.

சுருக்கமாக

பங்கோருக்கு வேண்டாம். பத்து ஃபிரிங்கிக்கும் பெரும்பாலும் வேண்டாம். கேமரன் மலைக்கு, மலைப்பாதை பழகிய ஓட்டுநர் இருந்தால் ஈப்போவிலேயே எடுங்கள். லங்காவிக்கு எடுங்கள், ஆனால் வெளியே சுற்றும் நாளுக்கு மட்டும் எடுங்கள். விடுதி ஒதுக்குப்புறத்தில் இருந்தாலோ, ஆறு பேருக்கு மேல் போனாலோ, நடக்க முடியாத பெரியவர் இருந்தாலோ எல்லா நாளும் எடுப்பது நியாயம். எங்கே எடுத்தாலும் வாடகைக் காப்புறுதி உள்ள வண்டியாக இருக்கட்டும். ஓட்டுகிற எல்லாருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்ற தொகை எழுத்தில் இருக்கட்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வண்டியை விட்டுவிட்டுக் கிராப் பிடியுங்கள். நான்கு நாள் கிராப் செலவு கொஞ்சம் கூடினாலும் அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். காப்புறுதி இல்லாத காடி மோதினால் எவ்வளவு ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.